டி.எஸ்.ஆர். நிறுவனம்

டி.எஸ்.ஆர். (1973–1997) அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் தொடங்கப்பட்ட விளையாட்டுப் பதிப்பு நிறுவனம். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற, வேடமேற்று ஆடும் மேசை விளையாட்டை வெளியிட்டது. இவ்விளையாட்டில் ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரர், மந்திரவாதி முதலிய பாத்திரங்களை ஏற்பர். செயலின் வெற்றி தோல்வியைப் பகடை முடிவு செய்யும். தாயத்தில் உருட்டும் நாற்பக்கக் கட்டைக்கு மாறாக இதில் இருபது முகப் பகடையும் உண்டு.

தோற்றம்

காப்பீட்டு நிறுவன வேலையை இழந்து, வீட்டில் காலணி பழுதுபார்த்து வந்தவர் கேரி கைகாக்ஸ். டேவ் ஆர்னெசனுடன் சேர்ந்து இவ்விளையாட்டை உருவாக்கினார். வெளியிடப் பதிப்பகம் கிடைக்காததால், 1973 அக்டோபரில் இளமை நண்பர் டான் கேயுடன் கூட்டு நிறுவனம் தொடங்கினார். கே தம் ஆயுள் காப்பீட்டின் மீது கடன் பெற்று முதலிட்டார். அச்சுச் செலவுக்குப் போதாமல் பிரையன் புளூம் மூன்றாவது கூட்டாளியாகச் சேர்க்கப்பட்டார். 1974-இல் 1000 பெட்டிகள் வெளிவந்தன. ஒன்றின் விலை 10 டாலர்.

பங்குகள் கைமாறுதல்

1975 ஜனவரியில் கே மாரடைப்பால் காலமானார். அவரது பங்கு மனைவிக்குச் சென்றது. கூட்டாளி ஒருவர் இறந்தால் என்ன செய்வது என்ற முன்னேற்பாடு இல்லாத கூட்டு வணிகங்கள் எங்கும் சந்திக்கும் சிக்கல் இது. இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 1932-இன்படியும், வேறு ஒப்பந்தம் இல்லையெனில் கூட்டாளியின் இறப்பால் நிறுவனம் கலைந்துவிடும்.

கைகாக்ஸும் புளூமும் புதிய நிறுவனம் அமைத்துப் பழையதை வாங்கினர். அதற்குப் புளூமின் தந்தை பணம் தந்தார். பெரும்பான்மைப் பங்குகள் புளூம் குடும்பத்திடம் சேர்ந்தன. கைகாக்ஸ் சிறுபான்மைப் பங்குதாரரானார். உரிமைத் தொகை கோரி 1979-இல் ஆர்னெசன் வழக்குத் தொடுத்தார்; அது 1981-இல் சமரசத்தில் முடிந்தது.

1985-இல் கடன் நெருக்கடியின்போது கைகாக்ஸ் மீண்டும் தலைமைக்கு வந்தார். அதே ஆண்டில், அவரே நிர்வாகத்திற்கு அழைத்து வந்த லொரெய்ன் வில்லியம்ஸ், புளூம் சகோதரர்களின் பங்குகளை வாங்கி நிறுவனத்தைக் கைப்பற்றினார். நீதிமன்றத்தில் தோற்ற கைகாக்ஸ் வெளியேறினார்.

முடிவு

1990-களில் நூல்களும் விளையாட்டுப் பெட்டிகளும் தேவைக்கு மிகுதியாக வெளியிடப்பட்டன. புத்தகக் கடைகளுக்கு விநியோகித்த ராண்டம் ஹவுஸ், விற்காதவற்றைத் திருப்பி அனுப்பியது. அவற்றுக்கு முன்னரே பெற்ற பணம் கடனாக மாறியது. அச்சகத்துக்குப் பாக்கி ஏறியதால் புதிய நூல்கள் நின்றன. 1997-இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் டி.எஸ்.ஆரை வாங்கியது. 1999-இல் அந்நிறுவனம் ஹாஸ்புரோ வசமானது.

மதிப்பீடு

ஆடுபுலி ஆட்டத்துக்கும் பல்லாங்குழிக்கும் உரிமையாளர் கிடையாது. திண்ணையில் கோடு கிழித்தவர் எவரும் ஆடலாம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வணிகப் பொருளாகப் பிறந்ததால் உலகெங்கும் பரவியது. அதே காரணத்தால், பங்குகளைக் கையில் வைத்திருந்தவர்களிடமே உரிமை நின்றது, ஆக்கியவரிடம் தங்கவில்லை. கைகாக்ஸ் 2008-இலும் ஆர்னெசன் 2009-இலும் மறைந்தனர். விளையாட்டு இன்றும் ஆடப்படுகிறது.