பழனிமலைத் தொடரும் படைப்பின் ஆறு நாட்களும்

கிறிஸ்தவ விவிலியத்தின் முதல் நூலில் உள்ள படைப்பு வரலாற்றை அப்படியே நடந்த நிகழ்வாகப் படிப்பதா, உருவகமாகப் படிப்பதா என்பது 1,700 ஆண்டுகளுக்கு மேலாகத் தொடரும் விவாதம். தமிழகத்தில் இவ்விவாதத்தின் தடங்களை நெருக்கமாகக் காணக்கூடிய இடம் பழனிமலைத் தொடர். பெருமாள்மலையிலிருந்து காட் ரோட்டில் மேலேறினால் முதலில் செண்பகனூர் இயேசு சபைக் கல்லூரி (1895), அடுத்து அமெரிக்க மதுரை மிஷன் 1845-ல் முதல் பங்களாக்களைக் கட்டிய கொடைக்கானல், அதற்கும் மேலே 1901 முதல் சூரியனைக் கவனித்துவரும் அரசு ஆய்வகம். மதம் ஒருபுறம், அறிவியல் மறுபுறம் என்ற வழக்கமான சித்திரம் இந்த மலையில் அவ்வளவாகப் பொருந்துவதில்லை.

நான்காம் நாள் சூரியன்

தொடக்கநூலின் முதல் அதிகாரத்தில் ஒளி முதல் நாளிலும், செடிகொடிகள் மூன்றாம் நாளிலும், சூரியனும் சந்திரனும் நான்காம் நாளிலும் படைக்கப்படுகின்றன. இரண்டாம் அதிகாரத்தில் வரிசை வேறு. அங்கே மனிதன் முதலில் மண்ணிலிருந்து உருவாக்கப்படுகிறான். மரங்களும் விலங்குகளும் அதன்பின் வருகின்றன. இதைக் கண்டுபிடிக்க டார்வின் வரவேண்டியிருக்கவில்லை. சூரியன் இல்லாமல் மூன்று நாட்கள் மாலையும் காலையும் எப்படி வந்தன என்று 3-ஆம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவின் ஓரிகன் கேட்டார். அறிவுள்ள எவரும் இதை நேர்ப்பொருளில் எடுக்கமாட்டார் என்பது அவருடைய முடிவு.

4-ஆம் நூற்றாண்டில் செசாரியாவின் பசிலியு இதற்கு எதிர்நிலை எடுத்தார். புல் என்றால் புல், மீன் என்றால் மீன் என்று தம் மறையுரைகளில் அழுத்திச் சொன்னார். அகுஸ்தீன் 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொடக்கநூலின் நேர்ப்பொருளைப் பற்றிப் பெரிய நூல் ஒன்று எழுதினார். ஆனால் அதில் கடவுள் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் படைத்தார் என்றும், ஆறு நாட்கள் நாம் அறியும் நாட்கள் அல்ல என்றும் வாதிட்டார். வானம், கோள்கள் பற்றி அறிந்த பிற மதத்தவர் முன் கிறிஸ்தவர்கள் வேதத்தைக் காட்டி அபத்தம் பேசி நகைப்புக்கிடமாகக் கூடாது என்ற எச்சரிக்கையும் அந்நூலில் உண்டு. உருவக வாசிப்பு அறிவியலுக்கு அஞ்சிப் பின்வாங்கியவர்களின் ஏற்பாடு என்று இன்றும் சிலர் எழுதுவது வரலாறு அறியாத பேச்சு.

நேர்ப்பொருள் தரப்புக்கும் வலுவான காரணம் இருந்தது. உருவகம் என்று சொல்லிவிட்டால் எந்த வசனத்துக்கும் எந்தப் பொருளையும் ஏற்றலாம். அந்த அதிகாரம் குருமார்களின் கையில் போய்விடும். லூத்தர் ஆறு நாட்களை உண்மையான நாட்கள் என்றே கொண்டு, இந்த இடத்தில் அகுஸ்தீனை மறுத்ததன் பின்னணி இதுதான். தரங்கம்பாடியில் சீகன்பால்கு விவிலியத்தைப் பேச்சுக்கு நெருங்கிய தமிழில் கொண்டுவர முயன்றதும் வேதத்தைச் சாதாரண வாசகனே படித்துப் புரிந்துகொள்ள முடியும் என்ற லூத்தரின் நம்பிக்கையிலிருந்து வந்தது. கால்வின் இன்னொரு வழியைக் காட்டினார். சனிக்கோள் சந்திரனைவிடப் பெரியது என்று வானியலார் சொல்வது சரிதான். மோசே சாதாரண மனிதனின் கண்ணுக்குத் தெரிந்தபடி எழுதினார் என்றார்.

அண்ணனின் வழக்கு, தம்பியின் ஆய்வகம்

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் முதல் இயக்குநர் சார்லஸ் மிக்கி ஸ்மித் (1854-1922). ஸ்காட்லாந்தின் கீக் என்ற சிற்றூரில் சுதந்திரத் திருச்சபைப் போதகர் ஒருவரின் மகன். அவருடைய அண்ணன் வில்லியம் ராபர்ட்சன் ஸ்மித் (1846-1894) விவிலிய ஆய்வின் வரலாற்றில் தவிர்க்க முடியாத பெயர்.

ராபர்ட்சன் ஸ்மித் அபர்தீனில் இருந்த அச்சபையின் கல்லூரியில் எபிரேயப் பேராசிரியர். 1875-ல் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் ஒன்பதாம் பதிப்புக்கு விவிலியம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பழைய ஏற்பாட்டின் முதல் ஐந்து நூல்கள் மோசே ஒருவரே எழுதியவை அல்ல. வெவ்வேறு காலத்து எழுத்துகள் அவற்றில் இணைந்துள்ளன என்ற ஜெர்மானிய ஆய்வு முடிவுகளை அது ஏற்றுக்கொண்டது. வழக்கின் மையம் இணைச்சட்ட நூலின் ஆசிரியர் யார் என்பதே, ஆறு நாட்கள் அல்ல. இதைக் கவனிக்க வேண்டும். ஏனெனில் புவியியலோடு அச்சபைக்குப் பெரிய சண்டை இருக்கவில்லை. அதன் முதல் தலைவர் தாமஸ் சால்மர்ஸ், முதல் இரு வசனங்களுக்கு இடையே கணக்கற்ற காலம் கடந்திருக்கலாம் என்று 1814-லேயே சொல்லியிருந்தார். அச்சபையைச் சேர்ந்த புவியியலாளர் ஹியூ மில்லர் ஒவ்வொரு நாளும் ஒரு நெடும் யுகம் என்றார். இருவரும் வசனத்தை உருவகமாக்கவில்லை, நேர்ப்பொருளின் உள்ளேயே காலத்துக்கு இடம் தேடினார்கள். நூலே பலர் கையால் ஆனது என்று ராபர்ட்சன் ஸ்மித் சொன்னபோதுதான் பொறுமை போயிற்று. பல ஆண்டு விசாரணைக்குப் பின் 1881-ல் அவருடைய பேராசிரியர் பதவி பறிக்கப்பட்டது. அவர் இறுதிவரை தம்மை விசுவாசி என்றே கருதினார்.

அந்த ஆண்டுகளில் தம்பி, அதே சபை முன்னின்று நடத்திய சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பௌதிகம் கற்பித்துக்கொண்டிருந்தார். 1883-ல் கிரகடோவா எரிமலை வெடித்தபின் சென்னை வானில் சூரியன் பச்சையாகத் தெரிந்ததை ஆராய்ந்து எழுதியவர் அவர். 1891-ல் அரசு வானியலாளரானார். ஆய்வகத்தைக் கொடைக்கானலில் நிறுவினார். ஓய்வுக்குப் பின்னும் மலையை விட்டு இறங்காமல் இங்கேயே இறந்தார். ஆய்வகம் உருவான நாட்களில் காலக் கணக்கு அறிவியலிலும் முடிந்துபோன விஷயமல்ல. 1897-ல் கெல்வின் பூமிக்கு 2 முதல் 4 கோடி ஆண்டு வயதுதான் கொடுத்தார். புவியியலாளர்களுக்கு அது போதவில்லை. பூமிக்கு சுமார் 450 கோடி ஆண்டு என்ற இன்றைய கணக்கு கதிரியக்கம் அறியப்பட்ட பின் வந்தது.

செண்பகனூர்

இயேசு சபைக் கல்லூரி தொடங்குவதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1893-ல், போப் பதின்மூன்றாம் லியோ விவிலியம் பற்றிய சுற்றுமடலை வெளியிட்டார். திருநூலாசிரியர்கள் காணும் உலகின் உள்ளமைப்பைக் கற்பிக்க முனையவில்லை என்று அகுஸ்தீனைத் துணைகொண்டு அது கூறியது. 1909-ல் ரோமின் விவிலிய ஆணையம் சற்றே பின்னிழுத்தது. முதல் மூன்று அதிகாரங்களை வரலாறு அல்ல எனத் தள்ளக் கூடாது. ஆனால் 'யோம்' என்ற எபிரேயச் சொல்லை நாள் என்றும் கொள்ளலாம், ஒரு காலப்பகுதி என்றும் கொள்ளலாம் என்றது. அதே 1909-ல் கொடைக்கானலில் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டறிந்தார்.

செண்பகனூர்க் குருக்கள் இந்த விவாதத்தைவிட மலையைப் படிப்பதிலேயே அதிக நேரம் செலவிட்டார்கள் என்று தோன்றுகிறது. தாவரங்களைச் சேகரித்தார்கள், அருங்காட்சியகம் அமைத்தார்கள். பழனிமலையின் கல்திட்டைகளை ஆராய்ந்து ஆங்லாத், நியூட்டன் என்ற இரு குருக்கள் எழுதிய நூலைத் தொல்லியல் துறை 1928-ல் வெளியிட்டது. பேத்துப்பாறைப் பக்கம் இக்கல்திட்டைகளுக்குக் குள்ளர் குகை என்று பெயர். ஒரு காலத்தில் குள்ள மனிதர்கள் அவற்றில் வாழ்ந்ததாகக் கதை. உண்மையில் அவை பெருங்கற்கால ஈமச்சின்னங்கள். கதையைத் தொல்லியல் அறிக்கையாக வாசித்தால் பிழை. ஊரார் தமக்கு முன்பிருந்தோரை நினைத்த விதமாக வாசித்தால் அதில் பொருள் உண்டு. பிற்காலத்தில் இதே சபையின் கே. எம். மத்தேயு (1930-2004) பழனிமலைத் தாவரங்களின் முழுத் தொகுப்பை 1999-ல் வெளியிட்டார்.

இதே சபையின் தெயார் த சார்தென் பரிணாமத்தை இறையியலுக்குள் கொண்டுவர முயன்றவர். அவருடைய முதன்மை நூல்கள் 1955-ல் அவர் இறந்த பிறகே அச்சேற முடிந்தது.

ஆதாம் என்ற சொல்

திருச்சபைகளுக்கு உண்மையான சிக்கல் நாட்களில் இல்லை, ஆதாமில் இருக்கிறது. ஒரு மனிதனால் பாவம் வந்தது, ஒரு மனிதனால் மீட்பு வந்தது என்பது பவுலின் வாதம். முதல் மனிதன் உருவகம் என்றால் ஜென்ம பாவம் எங்கிருந்து வந்தது? 1950-ல் பன்னிரண்டாம் பத்திநாதர் மனித உடல் பரிணாமத்தில் தோன்றியிருக்கலாமா என்று ஆராய அனுமதி தந்தார். மனிதகுலம் பல முதல் பெற்றோரிடமிருந்து வந்தது என்ற கருத்துக்கு மட்டும் கதவைத் திறக்கவில்லை. 1961-க்குப் பின் அமெரிக்காவிலிருந்து பரவிய இளம்பூமிக் கொள்கையும் கடைசியில் ஊன்றி நிற்பது இந்த இடத்தில்தான்.

எபிரேயத்தில் 'ஆதாம்' மனிதன் என்ற பொதுச்சொல். மண்ணைக் குறிக்கும் 'ஆதமா'வோடு ஒலியால் இணைந்தது. மண்ணிலிருந்து மனிதன் என்பது மூலத்தில் ஒரு சொல்விளையாட்டு. தமிழில் அது நிற்பதில்லை. மொழிபெயர்ப்பில் ஒரு கட்டத்தில் மனிதன் மறைந்து ஆதாம் என்ற தனிப்பெயர் வந்துவிடுகிறது. வாசகர் மனதில் ஓர் ஆள் உருவாகிவிடுகிறார். சீர்திருத்த சபையார் இந்நூலை ஆதியாகமம் என்கிறார்கள். கத்தோலிக்கர் 1995-ன் பொது மொழிபெயர்ப்பைப் பின்பற்றித் தொடக்கநூல் என்கிறார்கள். ஆகமம் என்ற சொல்லுக்குத் தமிழில் உள்ள விதிநூல் சாயல் மற்றதில் இல்லை.