வாழைமர நோட்டும் கடன் என்னும் அமானிதமும்

பழைய தாள் நோட்டுகளைச் சேகரிப்போர் பிரித்தானிய மலாயாவின் நோட்டுகளைத் தேடி வாங்குகின்றனர். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் தாங்கி, 1941ஆம் ஆண்டுத் தேதியிட்ட வெள்ளி நோட்டுகள் அவற்றுள் புகழ்பெற்றவை. அவற்றினருகே மிக மலிவாகக் கிடைக்கும் இன்னொரு தாளும் உண்டு. அது ஜப்பானியர் வெளியிட்ட வாழைமர நோட்டு. மலாயாவுக்குச் சபுர் சென்ற நம் முன்னோர்களின் இழப்பைச் சொல்வது இந்த மலிவான தாளே.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அவர்கள் தம் நோட்டுகளைப் புழக்கத்தில் விட்டனர். 10 வெள்ளி நோட்டில் வாழைமரம் இருந்தமையால், மலாய் மக்கள் அதனை 'டூயிட் பீசாங்', அதாவது வாழைப்பழக் காசு என்றழைத்தனர். மலாயாவைக் குறிக்க 'எம்' எனத் தொடங்கும் எழுத்துகள் அதில் இருக்கும், ஆண்டு இராது. கேட்டவுடன் பணம் தருவதாக ஜப்பானிய அரசு அளித்த வாக்குறுதியும் அதில் அச்சாகியிருந்தது.

தொடக்ககால நோட்டுகள் பலவற்றில் வரிசை எண் இருந்தது. பின்னர் அதுவும் நின்றது. வரம்பின்றி அச்சிட்டதால் விலைவாசி ஏறியது. கள்ள நோட்டும் பெருகியது. இறுதியில் 1000 வெள்ளி நோட்டும் வந்தது. 1945 செப்டம்பரில் பிரித்தானியர் திரும்பியதும், இந்நோட்டுகள் செல்லாதவையாயின. பழைய மலாயா நோட்டுகளை ஒளித்து வைத்திருந்தோர் தப்பினர். மூன்றரை ஆண்டு ஹலாலான உழைப்பை வாழைமர நோட்டாகச் சேர்த்தவர்களிடம் வெறும் தாளே எஞ்சியது.

அதைவிடச் சிக்கலானது கடன். போருக்கு முன் நல்ல வெள்ளியில் வாங்கிய கடனை, மதிப்பிழந்த நோட்டால் அடைத்தால் கடன் தீர்ந்ததாகுமா? இவ்வழக்குகளுக்காக மலாயாவில் 1948இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஜப்பானிய நோட்டின் மதிப்பு மாதந்தோறும் எவ்வாறு சரிந்தது என்னும் அட்டவணையும் அதில் இடம்பெற்றது.

நம் ஃபிக்ஹு நூல்களுக்கு இக்கேள்வி புதிதன்று. கடனாக வாங்கிய ஃபுலூஸ் என்னும் செப்புக் காசு வழக்கொழிந்தால், அதே காசைத் திருப்பித் தந்தால் போதும் என்றார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). கடன் வாங்கிய நாளின் மதிப்பைத் தர வேண்டும் என்றார் அவருடைய மாணவர் இமாம் அபூயூசுஃப் (ரஹ்). காசு புழக்கத்திலிருந்த இறுதி நாளின் மதிப்பு என்றார் இன்னொரு மாணவர் இமாம் முஹம்மத் (ரஹ்). கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் அநீதி நேராதிருக்க வேண்டும் என்னும் கவலையே இவ்வாய்வுகளில் நாம் காண்பது.

ஆகவே, பாட்டனார் பெட்டியில் இத்தகைய தாள் கிடைத்தால், சந்தை விலை சொற்பம் என்று எறிந்துவிட வேண்டாம். ஒட்டுத்தாள் ஒட்டாமல், மடிக்காமல், ஈரம் படாமல் உறையிலிட்டு வைப்போம். அது யாருடைய உழைப்பு, எந்த ஊரில் ஈட்டியது என்பதை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு உடன் எழுதி வைப்போம். வாக்களித்த அரசு மறைந்தது, தாள் செல்லாமற்போனது. நாம் கொடுக்கும் வாக்கும் நாம் பட்ட கடனும் அவ்வாறு காலாவதியாவதில்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல, அந்த ஒரு தாள் போதும்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.