சீழும் பொறுப்பும்: சத்திரசிகிச்சைக் காயத் தொற்றின் வகைப்பாடு பற்றிய வரலாற்றுக் குறிப்பு

ஐரோப்பிய மருத்துவ மரபிலே, காயத்திற் சுரக்கும் தடித்த வெண்சீழ் நெடுங்காலம் நற்குறியாகவே கொள்ளப்பட்டது. 13ஆம் நூற்றாண்டு இத்தாலியரான தியோடொரிக் இதனை மறுத்து, சீழின்றியே காயம் ஆறலாம் என வாதிட்டார்; மரபே வென்றது. கிளாஸ்கோவிற் பணியாற்றிய லிஸ்ரர் 1867இல் காபோலிக்கமில முறையை வெளியிட்ட பின்னரே சீழ் தவிர்க்கத்தக்க கேடு என்னும் கருத்து வேரூன்றலாயிற்று. அபர்டீன் நகரின் அலெக்சாந்தர் ஓக்ஸ்ரன் கட்டிகளின் சீழை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, குலைகுலையாகக் காணப்பட்ட கிருமிக்கு 1882இல் ஸ்ரபிலோகொக்கஸ் எனப் பெயரிட்டார்.

கிருமி இனங்காணப்பட்டதெனினும், அது எங்கிருந்து வந்தது, அதற்கு யார் பொறுப்பு என்னும் வினாக்கள் எஞ்சின. புறவூதாக் கதிர் சத்திரசிகிச்சைக் கூடங்களில் தொற்றைக் குறைக்குமா என ஆராய்ந்து 1964இல் வெளியான அமெரிக்க அறிக்கை, காயங்களைத் தூயவை, தூய்மையினின்றும் சிறிது வழுவியவை, மாசடைந்தவை, ஏற்கெனவே தொற்றுடையவை என வகுத்தது. இவற்றுள் முதல்வகையே வரலாற்று நோக்கில் முதன்மையானது. குடல், சுவாசப்பாதை, சிறுநீர்ப்பாதை ஆகியன திறக்கப்படாத, அழற்சியற்ற இடத்திற் செய்யப்படும் வெட்டே தூய காயம். அங்கு சீழ் பிடித்தால் நோயாளியின் உடலைக் குறைகூறுதல் எளிதன்று. கனடாவின் கல்கரியில் குறூசும் போர்டும் பத்தாண்டுகளில் 62,939 காயங்களைக் கண்காணித்து 1980இல் வெளியிட்ட ஆய்வில், தூய காயங்களில் 1.5 வீதமும் தொற்றுடையவற்றில் 40 வீதமும் சீழ் கொண்டன. தூய காயத்தின் வீதமே வைத்தியசாலையின் ஒழுங்கை அளக்கும் கோலாயிற்று.

1992இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையத்தின் வரைவிலக்கணம் தொற்றை மேற்படை, ஆழ்படை, உறுப்பு அல்லது உட்குழி என ஆழத்தால் வகுத்தது. மேற்படைத் தொற்றுக்குச் சத்திரசிகிச்சையின் பின்னரான 30 நாட்களே எல்லை. வெட்டிலிருந்து சீழ் வடிந்தாற் போதும்; ஆய்வுகூடத்திற் கிருமி வளர்ந்தேயாக வேண்டுமென்பதில்லை. சத்திரசிகிச்சையாளரின் தீர்ப்பும் ஓர் அளவுகோலாக ஏற்கப்பட்டது. எவருடைய வேலை அளக்கப்படுகின்றதோ அவரே அளப்பவருமாகிறார் என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

இன்னுமொன்று. தொற்றுகளிற் பெரும்பகுதி நோயாளி வீடு திரும்பிய பின்னரே வெளிப்படுகின்றது. ஆகவே வீடு சென்றோரைத் தேடி விசாரிக்காத வைத்தியசாலை, விசாரிக்கும் வைத்தியசாலையைவிடத் தூய்மையானதாகப் புள்ளிவிபரத்தில் தோன்றும். ஒருநாட் கூலியை இழக்கவியலாது, காயத்தைக் காட்ட மீண்டும் வராத தொழிலாளியின் சீழ் அப்பட்டியலில் இடம்பெறுவதில்லை.