கன்னியா வெந்நீரூற்றுக்கள்

கன்னியா வெந்நீரூற்றுக்கள் இலங்கையின் திருகோணமலை நகரிலிருந்து ஏறத்தாழ 8 கிமீ வடமேற்கே, அனுராதபுரம் செல்லும் வீதியை அண்டி அமைந்துள்ளன. அருகருகே ஏழு சிறு கிணறுகளாகக் கட்டப்பட்டுள்ள இவற்றின் நீர் ஒன்றுக்கொன்று வேறுபட்ட வெப்பநிலையைக் கொண்டது. கிணறுகள் ஆழமற்றவை. எனவே இறங்கிக் குளிப்பதில்லை. வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்வதே வழக்கம். திருகோணமலைக்கு வருவோர் அரை நாளில் இவ்விடத்தைப் பார்த்துத் திரும்பலாம்.

வெப்பத்தின் மூலம்

வெந்நீரூற்று என்றவுடன் எரிமலையை எண்ணுவது இயல்பு. ஆனால் இலங்கையில் எரிமலை எதுவும் இல்லை. தென்னாசியாவில் இயங்கும் எரிமலையாக உறுதிசெய்யப்பட்டது அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு ஒன்றே. நீண்டகாலம் அடங்கியிருந்த அது 1991 இல் மீண்டும் வெடித்தது. கன்னியாவின் நிலைமை வேறு. இலங்கையின் பெரும்பகுதி மிகப் பழைய பளிங்குருப் பாறைகளால் ஆனது. மழைநீர் இப்பாறைகளின் பிளவுகள் வழியே மிக ஆழத்துக்கு இறங்குகிறது. புவியோட்டில் ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்கு ஏறத்தாழ 25 முதல் 30 பாகை செல்சியசு வரை வெப்பம் கூடுவதால், அந்நீர் சூடேறி வேறொரு பிளவின் வழியே மேலெழுகிறது. வரும் வழியில் குளிர்ந்த நிலத்தடிநீருடன் கலப்பதால் கன்னியாவின் நீர் கொதிநிலையை எட்டுவதில்லை. வெப்பமான கிணற்றிலும் 40 பாகையை ஒட்டியே இருக்கும். மகா ஓயா, மகாபெலெச முதலிய இலங்கையின் பிற வெந்நீரூற்றுக்களும் இவ்வாறு தோன்றியவையே.

ஐதீகமும் வழிபாடும்

இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்ய நீர் வேண்டி ஏழு இடங்களில் ஊன்றியபோது இவ்வூற்றுக்கள் தோன்றின என்பது ஐதீகம். அந்தணர் வடிவில் வந்த திருமாலே தடியால் ஊன்றினார் என்ற வழக்கும் உண்டு. இதனால் திருகோணமலைப் பகுதிச் சைவர்கள் இறந்தோருக்கான கிரியைகளை இங்கு செய்து வருகின்றனர். சுற்றுலாத் தலமாக மட்டும் இதனை அறிந்தோர் இச்செய்தியைப் பெரும்பாலும் தவறவிடுவர்.

உரிமைச் சிக்கல்

உள்ளூராட்சி சபையின் பராமரிப்பிலிருந்த இவ்விடம் 2011 இல் தொல்லியல் திணைக்களத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. இங்குள்ள இடிபாடுகள் பண்டைய பௌத்த மடாலயத்துக்குரியவை என்பது திணைக்களத்தின் நிலைப்பாடாகும். பிள்ளையார் கோயில் இருந்த அடித்தளத்தின்மீது விகாரை அமைக்க முயற்சி நடப்பதாகக் கூறித் தமிழர்கள் 2019 சூலையில் போராட்டம் நடத்தினர். அதே மாதத்தில் திருகோணமலை மேல் நீதிமன்றம் அக்கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது.