கடலோர உழைப்பாளரும் சுவர்ச் சித்திரமும்

நெடுங்காலமாகப் பெருஞ்சித்திரம் என்பது அரசர்க்கும் அடியார்க்கும் படைத்தலைவர்க்கும் உரிய பொருளாகவே ஐரோப்பாவில் கருதப்பட்டு வந்தது. அரசன் உண்ட மீனைப் பிடித்துத் தந்தவன் முகம் அரண்மனைச் சுவரில் இடம்பெறுதல் அரிதினும் அரிது. இந்நிலையை டென்மார்க்கு தேசத்தில் மாற்றிய ஓவியருள் முதன்மையானவர் மிக்கேல் அங்கர் என்பார்.

இவர் 1849ஆம் ஆண்டு பால்டிக் கடலிலுள்ள போர்ன்ஹோம் தீவிற் பிறந்தார். தந்தையின் வாணிகம் நொடித்தமையால் பள்ளிப்படிப்பு முற்றுப்பெறவில்லை. பண்ணை மாளிகை ஒன்றில் கணக்கெழுதிப் பிழைத்த இளைஞர், பின்னர்க் கோப்பன்ஹேகன் கலைக்கழகத்திற் சேர்ந்து பயின்றார். 1874இல் நாட்டின் வடகோடியிலுள்ள ஸ்காகன் என்னும் மீனவர் ஊருக்குச் சென்றவர், அதனையே தம் வாழ்விடமாகக் கொண்டார்.

இரு கடல்கள் மோதும் மணல்முனை அது. 1907 வரையில் அங்குத் துறைமுகம் கிடையாது. மீனவர் அலையைக் கிழித்தே படகைக் கரையேற்றல் வேண்டும். கப்பல்கள் மணலிற் சிக்கி உடையுங்கால், காக்கச் செல்வோரும் அம்மீனவரேயாவர்.

அங்கருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்த ஓவியம், ‘முனையைக் கடப்பானா?’ என்பது. எண்ணெய்த்துணி ஆடை பூண்ட மீனவர் சிலர் கரையில் நின்று கடலை நோக்குகின்றனர். படகோ படத்தில் இல்லை! அஃது அவர்தம் கண்களில் மட்டுமே தெரிகிறது. 1883இல் தீட்டிய மற்றொன்றில், பனிபடர்ந்த மணல்மேடுகளினூடே உயிர்காப்புப் படகைக் குதிரைகள் இழுத்துச் செல்கின்றன. போர்க்களக் காட்சிக்குரிய பெருமிதத்தை உயிர் காக்கும் தொழிலுக்கு அளித்தார் அங்கர்.

அவ்வூரில் லார்ஸ் குரூசே என்னும் மீனவர் பலரைக் கடலினின்று மீட்டவர். அவரையே 1894இல் கடல் விழுங்கிற்று. ஈராண்டு கழித்து அங்கர் வரைந்த ‘மூழ்கியவர்’ என்னும் ஓவியத்தில் அவரது உடல் மேசைமீது கிடக்க, சுற்றத்தார் சூழ்ந்து நிற்கின்றனர். மன்னர்க்குரிய இறுதி மரியாதையை மீனவர் ஒருவர் தூரிகையால் பெற்றார்.

அங்கரின் மனைவி அன்னா அவ்வூரிலேயே பிறந்தவர். கலைக்கழகம் 1888 வரை பெண்களைச் சேர்க்க மறுத்த காலத்தில், மணமான பின்னும் தூரிகையைக் கீழே வையாமல், அடுக்களைப் பெண்ணையும் தையற்காரியையும் வரைந்து, கணவர்க்கு இணையாகப் புகழ் பெற்றார்.

எனினும், மூலச் சித்திரம் ஒன்றே ஒன்று. அதனை வாங்குவோர் செல்வரும் அரசருமே. அந்தத் தடையைத் தகர்த்தது அச்சுக்கலை. 1796 வாக்கில் செனபெல்டர் என்னும் ஜெர்மானியர், எண்ணெய்ப்பசையும் நீரும் ஒட்டாத இயல்பைக் கொண்டு கல்லச்சு முறையைக் கண்டார். பின்னர் நிறத்துக்கொரு கல்லாக வண்ணப்படங்கள் அச்சாயின; அதன்மேல் புகைப்பட முறையும் வந்தது. அரசன் மாளிகையிலிருந்த சித்திரம் தொழிலாளியின் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. ஸ்காகன் ஓவியங்கள் இன்றும் டேனிஷ் இல்லங்கள் பலவற்றில் அச்சுப்படங்களாகத் தொங்குகின்றன. 1998இல் வெளியான ஆயிரம் குரோனர் நோட்டிலும் அங்கர் தம்பதியர் முகமே பொறிக்கப்பட்டது.

ஆயினும் ஒன்று கருதத்தக்கது. அச்சுப்படம் வாங்குவோர் கண்ணுக்கினிய மாலைக் கடற்கரையை நாடுவது எளிது. மூழ்கியவர் உடலைக் கூடத்தில் மாட்ட மனம் ஒப்புவது எளிதன்று. கடலின் அழகை மட்டும் எடுத்துக்கொண்டு, அக்கடலில் உழைத்து மாண்டவரை விட்டுவிடின், அங்கர் செய்த தொண்டிற் பாதியை இழந்தோராவோம்.

தோழர்களே, குழந்தை நாள்தோறும் காணும் சுவரும் ஒரு பாடப்புத்தகமே. எவர் முகம் அங்கே தொங்குகிறதோ, அவரே மேலோர் என அப்பிள்ளை கற்கும். உழைப்பவன் முகமும் சட்டமிட்டு மாட்டத்தக்கதே என்பதை ஸ்காகன் மீனவர் நமக்கு உணர்த்துகின்றனர்.