வழுவமைதி: கெடார் சாலையில் மன அமைதி குறித்து ஓர் ஆய்வு

1. சொல்

மன அமைதி என்றதும் எல்லோரும் மனத்தைத்தான் துருவுகிறார்கள். அமைதி என்ற சொல்லை யாரும் கேட்பதில்லை. ‘அமை’ என்னும் வினையடியில் பிறந்தது அது. கட்டில் சட்டம் காலில் பொருந்தி உட்காருவதும் அமைதல்தான், பெண்ணுக்கு நல்ல இடம் கிடைப்பதும் அமைதல்தான். ஓசையின்மை என்பது அதன் பொருள்களில் ஒன்று, அவ்வளவே. ‘நிம்மதி’க்கு உறவான தெலுங்குச் சொல் ‘நெம்மதி’ மெதுவான தன்மையையும் குறிக்கும். விழுப்புரத்திலிருந்து காணையைத் தாண்டித் திருவண்ணாமலைச் சாலையில் உள்ள கெடார்ப் பக்கத்திலோ, இவ்விரண்டையும்விட ‘ஆறுவது’தான் என் காதில் அதிகம் விழுந்திருக்கிறது. சோறு ஆறுகிறது, புண் ஆறுகிறது. “மனசு இன்னும் ஆறல” என்கிறார்கள்.

இலக்கணக்காரர்களிடமும் ஓர் அமைதி உண்டு. பேச்சை அவர்கள் வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்றாகப் பகுப்பார்கள். பிழையில்லாதது வழாநிலை. பிழை வழு. பிழைதான் என்று தெரிந்தும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்வது வழுவமைதி. பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பது திணை மயக்கம். ஆனாலும் உவப்பினால் சொன்னதால் இலக்கணம் அதைத் தள்ளாது. அன்றாட வாழ்வில் நாம் தேடுவது பெரும்பாலும் வழாநிலை: கடன் அடைந்து, பிள்ளை தேறி, முழங்கால் வலி தீர்ந்து, பிறகு அமைதி. இந்த வட்டாரத்தில் அமைதிக்குப் பேர்போனவர்களின் கதையோ வழுவமைதிப் பக்கம் சாய்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. ஒரு கடிதத்தின் திணை

1896 ஆகஸ்ட் 29. மதுரையில் 16 வயதுப் பையன் வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி, வீட்டைவிட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்பும்போது ஒரு சீட்டு எழுதி வைத்தான். அண்ணனின் கல்லூரிச் சம்பளம் கட்டக் கொடுத்திருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயைச் சீட்டோடு வைத்தான்.

அந்தச் சீட்டைப் பக்தி நூல்கள் பலமுறை அச்சிட்டுவிட்டன. எனக்கு அதன் வினைமுற்றுகள்தாம் முக்கியம். தொடக்கம் ‘நான்’; வினையும் அதற்கேற்பத் தன்மை ஒருமை. அடுத்த வாக்கியத்திலேயே எழுதியவன் ‘இது’ ஆகிவிடுகிறான், வினையும் அஃறிணை முடிவுக்கு மாறுகிறது. கடைசியில் ‘இப்படிக்கு’ உண்டு, பெயர் இல்லை. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடு. ஆனால் அண்ணனின் சம்பளம் ‘உன்னுடைய’ சம்பளமாகவே இருக்கிறது. தன்மை கரைந்த பிறகும் முன்னிலை கரையவில்லை, கணக்கும் தப்பவில்லை.

திணையும் பாலும் மயங்குவதற்கு நன்னூல் ஐந்து காரணம் சொல்லும்: உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு. இந்த ‘இது’ எதில் சேரும்? கோபத்தில் ஒருவனை ‘அது’ என்பது நமக்குப் பழக்கம். தன்னைத்தானே, கோபமோ இகழ்ச்சியோ இல்லாமல், ‘இது’ என்பதற்கு ஐந்திலும் இடம் தேடிப் பார்த்தேன். உவப்பு கொஞ்சம் ஒட்டுகிறது, முழுக்க ஒட்டவில்லை.

3. திண்டிவனம் டிக்கெட்

அந்தப் பயணமே ஒரு வழுவில் தொடங்கியது. பையன் பார்த்தது பழைய நிலப்படம். அதில் திருவண்ணாமலைக்குக் கிட்டத்து ரயில் நிலையம் திண்டிவனம். 2 ரூபாய் 13 அணாவுக்கு அங்கே டிக்கெட் வாங்கினான். விழுப்புரத்தில் மாறினால் திருவண்ணாமலைக்கே ரயில் உண்டு என்று, வண்டியில் உடன் வந்த மௌல்வி ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. விடியுமுன் விழுப்புரத்தில் இறங்கி, ஊருக்குள் கைகாட்டிப் பலகைகளைப் பார்த்துக்கொண்டு நடந்தான். ‘மாம்பழப்பட்டு’ என்றிருந்தது, அது வழியில் உள்ள ஊர்தானா என்றும் தெரியாது. சாப்பிட்ட இடத்தில் கடைக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார். மிச்சமிருந்த அணாக்களுக்கு மாம்பழப்பட்டுவரைதான் ரயில். அதற்குமேல் நடை, அறையணிநல்லூர் கோயில்வரை. கீழூரில் காதுக் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்தான். மீட்பதற்கு வாங்கிய முகவரிச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு ரயிலேறினான். செப்டம்பர் 1 காலையில் திருவண்ணாமலை.

அந்த வழி கெடாரைத் தொடவில்லை, ஊருக்குத் தெற்கே போனது. தவறான டிக்கெட்டை வைத்துக்கொண்டு அவன் பதறினதாக எந்த வரலாற்றிலும் இல்லை. பிற்காலத்தில் ஆசிரமத்து அடுக்களையில் விடியுமுன்னே உட்கார்ந்து காய் நறுக்கியவரும் இவர்தான். குடும்பத்தை விட்டுவரலாமா என்று கேட்டவர்களை, இருக்கும் இடத்திலேயே இருக்கச் சொன்னார்.

4. எண்ணிக்கையும் கட்டடமும்

இதே வட்டாரத்தில் இன்னொரு வகை அமைதி செஞ்சியருகே திருநாதர்குன்றில். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியர் என்ற சமணத் துறவியின் கல்வெட்டு அங்கே பாறையில் இருக்கிறது. புகழுரை கிடையாது. எத்தனை நாள், யார், இது அவர் அமர்ந்த இடம்: அவ்வளவுதான் செய்தி. சாமாயிகம் எனும் சமணரின் அன்றாடத் தியானத்துக்கும் 48 நிமிடம் என்று அளவு உண்டு. அமைதியைப் பேசாமல் நேரத்தைப் பேசும் இந்தக் கறார் எனக்குப் பிடித்திருக்கிறது.

இதே விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் ஆரோவில். அங்குள்ள மாத்ரிமந்திருக்கு 1971இல் அடிக்கல். வேலை முடிந்தது 2008இல். அமைதிக்கென்றே கட்டிய கூடம் எழும்ப 37 வருடம் ஆனது. அழகான கட்டடம், ஆனால் வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது என்பதால் இங்கே அதிகம் நிற்கவில்லை.

5. கெடார் நிறுத்தம்

ஒரு பௌர்ணமி மாலை. விழுப்புரத்திலிருந்து கிரிவலக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு வந்த பஸ்கள் கெடாரில் நிற்காமலே போயின. கண்டாச்சிபுரத்தில் மகள் வீட்டுக்குப் போக நின்றிருந்த அம்மா ஒருவர், மூன்றாவது வண்டியும் போனதும் கடைப் படியில் உட்கார்ந்தார். மஞ்சப்பையிலிருந்து முருங்கைக்கீரைக் கட்டை எடுத்து மடியில் பிரித்து உருவ ஆரம்பித்தார். பழுத்த இலை ஒருபக்கம், காம்பு ஒருபக்கம்.

“கோவம் வரலையாம்மா?” என்றேன்.

“வராம என்னா தம்பி. வந்துச்சு, ரெண்டாவது வண்டியிலயே ஏறிப் போயிடுச்சு. எப்டியும் அங்க போயி உருவணும். இங்கியே உருவிட்டா பொண்ணுக்கு ஒரு வேல மிச்சம்.”

நான்காவது பஸ் நின்றது. முந்தானையில் ஒட்டியிருந்த இலைகளைத் தட்டிப் பைக்குள் விட்டுக்கொண்டே ஏறினார். உருவாத கட்டு இன்னும் ஒன்று பையில் இருந்தது.