பழைய மொந்தையில் வேற்று மரத்துக் கள்

புதிய மொந்தையில் பழைய கள் என்று இலக்கிய விமரிசனத்தில் எத்தனையோ முறை எழுதியாகிவிட்டது. மொந்தையை அப்படியே வைத்துக்கொண்டு கள்ளை மட்டும் மாற்றியவர்களைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. அதிலும், ஊற்றப்பட்ட கள் வேறொரு நாட்டில் வேண்டாமென்று கொட்டப்பட்டதாக இருந்தால்? பிரிட்டிஷ் விளையாட்டுக் கார்களின் வரலாற்றில் அப்படியொரு கதை உண்டு. கார்களில் ஆர்வமில்லாத நண்பர்களும் பொறுமையுடன் வாசிக்கலாம். இது இரும்பைப் பற்றிய கதை என்பதைவிட, ஒரு நல்ல யோசனை யாருக்குச் சொந்தம் என்பதைப் பற்றிய கதை.

ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே, தேம்ஸ் நதிக்கரையில் ஆபிங்டன் என்றொரு சிற்றூர். எம்.ஜி. கார்கள் 1929 முதல் அங்கேதான் உருவாயின. 1962-இல் அங்கிருந்து வெளிவந்த எம்.ஜி.பி. அந்நிறுவனத்தின் மிகப் பெரிய வெற்றி. இரண்டு பேர் அமரக்கூடிய திறந்த கார். 1798 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின். சுமார் 95 குதிரைத்திறன். 1965-இல் அதற்குக் கூரை போட்ட ஜி.டி. வடிவமும் வந்தது. உடலமைப்பு உறுதியானது, சாலையில் நிதானமானது, பழுது பார்க்க எளிதானது. ஆனால் வண்டியின் உடல் தாங்கக்கூடிய வேகத்தை அதன் எஞ்சின் கொடுக்கவில்லை என்பதை ஓட்டியவர்கள் அனைவரும் உணர்ந்தனர். இன்னும் பெரிய எஞ்சின் வேண்டும் என்ற ஆசை அங்கேதான் பிறந்தது.

நிறுவனமே அந்த ஆசையை முதலில் நிறைவேற்ற முயன்று கையைச் சுட்டுக்கொண்டது. 1967-இல் வந்த எம்.ஜி.சி.யில் ஆறு சிலிண்டர்களை ஒரே வரிசையில் கொண்ட 2912 க.செ.மீ. எஞ்சினைப் பொருத்தினார்கள். வார்ப்பிரும்பாலான அந்த எஞ்சின் பழையதைவிட ஏறத்தாழ 95 கிலோ கூடுதல் எடை. அதை உள்ளே நுழைப்பதற்காக முன்பக்கத் தரைத்தளத்தை மாற்றவேண்டியிருந்தது. சுருள்வில்களை நீக்கிவிட்டு முறுக்குத் தண்டுகளைப் பொருத்தவேண்டியிருந்தது. பானெட்டின் மேல் ஒரு மேட்டையும் எழுப்பவேண்டியிருந்தது. இத்தனைக்குப் பிறகும் வண்டியின் மூக்கு கனத்தது. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி நேராகவே போக விரும்பியது. பத்திரிகைகள் கடுமையாக எழுதின. ஏறத்தாழ 9,000 வண்டிகளோடு 1969-இல் அதன் ஆயுள் முடிந்தது. இளவரசராக இருந்தபோது சார்ல்ஸ் ஓட்டியதும் இந்த எம்.ஜி.சி.தான் என்பது உபரித் தகவல். அரச குடும்பத்தின் ஆதரவாலும் அதைக் காப்பாற்ற இயலவில்லை.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. எஞ்சினை மாற்றும்போது நாம் மாற்றுவது சக்தியை மட்டுமன்று, எடை அமரும் இடத்தையும்தான். நீண்ட எஞ்சின் தன் பாரத்தை முன் சக்கரங்களுக்கு மேல் கொண்டுபோய் வைக்கிறது. சிலிண்டர்களை நான்கு நான்காக இரு வரிசைகளில் ‘வி’ வடிவில் சாய்த்து வைத்தால் எஞ்சினின் நீளம் குறைகிறது. அது பின்னோக்கி, ஓட்டுநரை நெருங்கி அமர்கிறது. அதையே இரும்பில் வார்க்காமல் அலுமினியத்தில் வார்த்தால்? அப்படியொரு எஞ்சினை அமெரிக்கர்கள் ஏற்கனவே செய்துமுடித்து, தூக்கியும் எறிந்திருந்தார்கள்.

ஜெனரல் மோட்டார்ஸின் பியூக் பிரிவு 1961-ஆம் ஆண்டு மாடல்களுக்காக உருவாக்கிய 3.5 லிட்டர் அலுமினிய வி-8 எஞ்சின் அது. எடை ஏறத்தாழ 144 கிலோதான். வார்ப்பதில் சிக்கல்கள், குளிர்விக்கும் நீரால் தொல்லைகள், எல்லாவற்றுக்கும் மேலாகச் செலவு. 1963 மாடல்களோடு கைவிட்டார்கள். அந்தச் சமயத்தில் ரோவர் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட் வேறொரு வியாபாரம் பேச அமெரிக்காவின் விஸ்கான்சினில் இருந்த மெர்க்குரி மெரைன் என்னும் படகு எஞ்சின் தொழிற்கூடத்துக்குப் போனார். அங்கே தரையில் கிடந்த பியூக் எஞ்சின் ஒன்று அவர் கண்ணில் பட்டது. தேடிப் போனது ஒன்று, கண்டெடுத்தது மற்றொன்று. 1965-இல் தயாரிப்பு உரிமை ரோவருக்கு வந்தது. ஓய்வுபெறும் தறுவாயில் இருந்த பியூக் பொறியாளர் ஜோ டர்லே, தான் வளர்த்த பிள்ளையைப் புகுந்த வீட்டில் குடிவைக்க வருவதுபோல, இங்கிலாந்துக்கே வந்து உதவினார். 1967 முதல் ரோவர் கார்களிலும், 1968-இல் மார்கன் பிளஸ் 8 காரிலும், 1970-இல் ரேஞ்ச் ரோவரிலும் அந்த எஞ்சின் குடியேறியது. 1968-இல் பல நிறுவனங்கள் இணைந்து பிரிட்டிஷ் லேலண்ட் உருவானபோது எம்.ஜி.யும் ரோவரும் ஒரே கூரையின்கீழ் வந்துவிட்டன. வண்டி ஒரு கொட்டகையில், எஞ்சின் அடுத்த கொட்டகையில். இரண்டையும் சேர்த்துப் பார்க்க நிறுவனத்துக்குள் எவரும் முனைப்புக் காட்டவில்லை.

அதைச் செய்தவர் கென் கோஸ்டெல்லோ. மினி கார்களில் பந்தயம் ஓட்டிப் பெயர் பெற்றவர். கெண்ட் பகுதியில் இருந்த தம் பட்டறையில், 1970-ஐ ஒட்டிய காலத்தில், எம்.ஜி.பி.க்குள் இந்த வி-8 எஞ்சினை இறக்கினார். எஞ்சின் கொள்ளளவு இருமடங்காகியும் வண்டியின் முன்பாரம் ஏறக்குறைய மாறவில்லை. பழைய நான்கு சிலிண்டர் இரும்பு எஞ்சின் அவ்வளவு கனமானது! சேஸிஸை வெட்டவில்லை, முன்பக்கத் தொங்கலை மாற்றவில்லை. பின் அச்சின் பற்சக்கர விகிதத்தை மட்டும் மாற்றவேண்டியிருந்தது. முன்பு சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் பக்கத்துத் தண்டு 3.9 முறை சுழன்றது, எம்.ஜி.சி.யின் பாகத்தைப் போட்டதும் 3.07 முறை சுழன்றால் போதும் என்றாயிற்று. வண்டி சிரமப்படாமல் ஓடியது. கார்புரேட்டர்கள் எஞ்சினின் உச்சியில் உட்கார்ந்திருந்தமையால் பானெட்டில் ஒரு மேடு தேவைப்பட்டது. அது வெளியே தெரிந்த அடையாளம். திறந்த வண்டி, கூரை வண்டி இரண்டையும் அவர் மாற்றிக் கொடுத்தார். பத்திரிகைகள் கொண்டாடின.

பிரிட்டிஷ் லேலண்ட் அவரை அழைத்து வண்டியைக் காட்டச் சொன்னது. காட்டினார். அதன்பின் ஆபிங்டனுக்கு உத்தரவு போனது: நாமே ஒன்று செய்யுங்கள். ஆபிங்டன் பொறியாளர்களின் திறமையைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமன்று. கோஸ்டெல்லோவின் மேட்டை அவர்கள் நாசூக்காக நீக்கினார்கள். கார்புரேட்டர்களை எஞ்சினின் பின்புறத்துக்கு இடம்பெயர்த்து, புதிய காற்றுக்குழாயை அமைத்து, பழைய பானெட்டையே மூடச் செய்தார்கள். 1973 ஆகஸ்டில் எம்.ஜி.பி. ஜி.டி. வி-8 வெளியானது. ரேஞ்ச் ரோவருக்கான குறைந்த அழுத்த எஞ்சின், 137 குதிரைத்திறன், மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகம். மிக நல்ல வண்டி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அமெரிக்காவுக்கு ஏற்றுமதி இல்லை. திறந்த வண்டியில் வி-8 இல்லை. போட்டியாக நின்ற மூன்று லிட்டர் ஃபோர்டு கேப்ரியோ விலை குறைவு. வெளியான இரண்டே மாதத்தில் எண்ணெய் நெருக்கடி வெடித்தது. 1976-இல் நிறுத்தப்படும்வரை உருவானவை 2,591 வண்டிகள் மட்டுமே.

கோஸ்டெல்லோவுக்கு இழைக்கப்பட்டது அநீதியா? சட்டப்படி இல்லை. வண்டியும் எஞ்சினும் நிறுவனத்தின் உடைமை. ஆனால் இரண்டும் சேரும் என்று கண்டவர் அவர். தொகுப்பாசிரியனுக்குக் கவிதையில் உரிமையில்லை என்போம். இருந்தும் ஒரு நல்ல தொகுப்பைப் பெயர் சொல்லாமல் இன்னொருவர் பதிப்பித்தால் நமக்கு மனம் கசக்கத்தானே செய்கிறது? அந்தக் கசப்பு இங்கும் பொருந்தும் என்றே நினைக்கிறோம்.

ஆபிங்டனுக்கும் நல்லது நடக்கவில்லை. 1979 செப்டம்பரில், அவ்வூரில் எம்.ஜி.யின் ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாடி முடித்த மறுநாளே, ஆலையை மூடும் முடிவு அறிவிக்கப்பட்டது. 1980 அக்டோபரில் கடைசி எம்.ஜி.பி. வெளியேறியது; மொத்தம் ஐந்து லட்சத்துக்கும் மேல்.

அதன்பின் இந்த எஞ்சின் மாற்றம் தனியார் பட்டறைகளின் கலையாக நிலைத்தது. 1974-இன் பிற்பகுதியிலிருந்து வந்த ரப்பர் பம்பர் வண்டிகளை அழகின்மைக்காக ஏளனம் செய்வோர் பலர். ஆனால் வி-8க்காக மாற்றப்பட்ட எஞ்சின் அறையே அவற்றிலும் இருந்தது. ஆகவே மாற்றம் செய்வோருக்கு அந்த ஏளனத்துக்குரிய வண்டிகளே வரப்பிரசாதம். பழைய வண்டியின் அசல்தன்மையைக் கெடுக்கலாகாது என்று வாதிடும் தரப்பும் உண்டு. அசல் எஞ்சினைப் பத்திரப்படுத்திவிட்டு மாற்றுங்கள் என்பதே நம் தரப்பு.

1992-இல் ரோவர் குழுமம் எம்.ஜி.பி.யின் உடலமைப்பை ஆதாரமாகக் கொண்டு ஆர்.வி.8 என்னும் காரை வெளியிட்டது. எஞ்சின் அதே பியூக்கின் வழித்தோன்றல், இப்போது 3.9 லிட்டராக வளர்ந்திருந்தது. 1995 வரை ஏறத்தாழ 2,000 வண்டிகள். பெரும்பாலானவை ஜப்பானுக்குப் போயின. இம்முறை திறந்த வண்டியிலேயே வி-8 எஞ்சினைப் பொருத்தியிருந்தார்கள். பானெட்டில் ஒரு மேடும் இருந்தது.